மேளகர்த்தாவைக் கடன் வாங்கிய மான்செஸ்டர்காரர்

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா உலகில் ஒரு தனி வகைக் கச்சேரி இருக்கு. பீத்தோவன், பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி மாதிரி டிக்கெட் விற்கும் பெயர்கள் அதில் இருக்காது. இருந்தாலும் ஓரமாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் வாசிக்கப்பட்டு, அப்புறம் அலமாரிக்குள் போய்விட்ட இசையமைப்பாளர்களைத் தேடி எடுப்பார்கள். அவர் எந்தச் சூழலில் எழுதினார், யார் கேட்டார்கள், ஏன் மறந்தார்கள் என்பதையும் சேர்த்தே அந்த மாலையை அமைப்பார்கள். நம்ம சபாக்களில் காலையில் நடக்கும் லெக்-டெம்மையும் மாலைக் கச்சேரியையும் ஒன்றாகப் பிசைந்த மாதிரின்னு வச்சுக்கலாம்.

இந்த வகையில் அதிகம் அடிபடும் பெயர் லியோன் பாட்ஸ்டைன். 1992-இல் நியூயார்க்கின் அமெரிக்கன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசை இயக்குநராக வந்தவர். படிப்பால் வரலாற்றுக்காரர். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு கேள்வியை முன்வைத்து, அந்தக் கேள்விக்குப் பொருந்தும் மறந்த படைப்புகளைத் தேடிக் கோப்பது அவர் பழக்கம். 1990-இல் தொடங்கிய பார்ட் இசை விழாவில் ஆண்டுக்கு ஒரு இசையமைப்பாளரை எடுத்துக்கொண்டு, அவரையும் அவர் வாழ்ந்த உலகத்தையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். கூடவே ஒரு கட்டுரைத் தொகுப்பு நூலும் வரும்.

‘நல்ல இசைன்னா தானா நிக்கும், மறந்துட்டாங்கன்னா அதுல சரக்கு இல்லன்னு அர்த்தம்’ என்று இதைக் கேட்டவுடன் ஒரு குரல் எழும். எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் முதல் சிம்பனியை 1933-இல் சிகாகோ சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவே வாசித்தது. அப்புறம் அவர் பெயர் மெல்ல மங்கிப்போனது. 2009-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைச் செப்பனிடப் போனவர்கள் கட்டுக்கட்டாகக் காகிதங்களைக் கண்டார்கள். அது பிரைஸ் கோடை காலத்தில் தங்கிய வீடு. காகிதங்கள் அவர் கைப்பட எழுதிய இசை. கூரை இன்னும் ரெண்டு மழை ஒழுகியிருந்தால் அந்த வயலின் கான்செர்ட்டோக்கள் இன்றைக்கு இல்லை. அதில் சரக்கு இருந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது பிரைஸ் பற்றி இல்லை. 2007 நவம்பர் 11 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இதே பாட்ஸ்டைன், பிபிசி சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து ‘வேர்ல்ட் ரெக்வியம்’ என்ற பெரிய படைப்பை நடத்தினார். எண்பது வருஷமாக யாரும் முழுதாகக் கேட்டிராத படைப்பு அது. எழுதியவர் ஜான் ஃபோல்ட்ஸ். இந்த மனிதரின் இசையில் பாதி வேர் நம்ம அடையாற்றில் இருக்கு. அந்தப் பாதியை வைத்து இதுவரை யாரும் கச்சேரி போடவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஃபோல்ட்ஸ் 1880-இல் மான்செஸ்டரில் பிறந்தவர். அப்பா ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவில் பஸூன் வாசித்தவர். பையனும் 1900-இல் அதே ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிக்கச் சேர்ந்தார். கல்லூரியில் இசை படித்தவர் இல்லை. வாத்தியக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்தே கற்றவர். ‘கெல்டிக் சூட்’ மாதிரி சின்னச் சின்ன மெல்லிசை எழுதிக் கொஞ்சம் பெயரும் காசும் சம்பாதித்தார். அந்தப் பெயரே பின்னாளில் அவருக்கு வினையாகவும் போனது.

1915-இல் லண்டனில் அவர் மாட் மெக்கார்த்தியைச் சந்திக்கிறார். இந்தப் பெண்மணிக்கே தனிக் கட்டுரை எழுதணும். அயர்லாந்தில் 1882-இல் பிறந்து, சின்ன வயதிலேயே வயலினில் மேதை என்று பெயர் எடுத்தவர். கையில் வந்த நரம்புக் கோளாறால் மேடை வாழ்க்கை இளமையிலேயே நின்றுபோனது. தியசாஃபிகல் சொசைட்டி ஈடுபாட்டில் அன்னி பெசன்ட்டோடு இந்தியா வந்தார். இங்கே இருந்தபோது சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. உட்கார்ந்து பாட்டு கற்றார். சுருதி நுட்பங்களைத் தன் குரலிலேயே பாடிக்காட்டும் அளவுக்குக் கற்றார். 1912-இல் லண்டனில் இசை அறிஞர்களின் சங்கத்தில் இந்திய இசைக் கருத்துகள் பற்றி உரை நிகழ்த்தினார். அந்த உரை அச்சில் இருக்கு. மேற்கத்தியர் ஒருவர் நம்ம இசையைப் பற்றி எழுதினாலே ‘மர்மமான கிழக்கு’ என்று தொடங்கும் காலம் அது. இவரோ கற்ற மாணவியாகப் பேசினார்.

அவர் வழியாகத்தான் 72 மேளகர்த்தா ஃபோல்ட்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே கொஞ்சம் கணக்கு. சங்கீதம் படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஸட்ஜமமும் பஞ்சமமும் அசையாது. மத்தியமம் ரெண்டு வகை: சுத்தம், பிரதி. ரிஷபமும் காந்தாரமும் ஜோடியாக ஆறு விதத்தில் அமையும். தைவதமும் நிஷாதமும் அதேபோல் ஆறு விதம். ஆறை ஆறால் பெருக்கினால் 36, அதை மத்தியமத்தின் ரெண்டால் பெருக்கினால் 72. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் போட்ட சட்டகம் இது. ஐரோப்பியர்கள் மேஜர் என்று சொல்வது இதில் 29-ஆவது, நம்ம தீரசங்கராபரணம். அவர்களுடைய மைனர் வகைகள் 20 நடபைரவியிலும் 21 கீரவாணியிலும் அடங்கிவிடும். 23 கௌரிமனோகரியின் ஆரோகணத்தையும் மைனரில் அவர்கள் பயன்படுத்துவார்கள். பழைய சர்ச் இசையின் மோடுகளையும் சேர்த்தால் இன்னும் சில. மிச்சமிருக்கும் பெரும்பாலான மேளங்கள் அவர்கள் காதில் விழாதவை. அதிலும் விவாதி மேளங்கள் மட்டும் நாற்பது இருக்கு. அவற்றைத் தொட நம்ம வித்வான்களே ரொம்ப நாள் தயங்கினார்கள்.

ஃபோல்ட்ஸுக்கு இது ஒரு புதையல் மாதிரி தெரிந்திருக்கணும். அந்தக் காலத்து ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் பலர் ‘கிழக்கு’ வாசனை வேணும்னா அஞ்சு ஸ்வரத்தில் ஒரு மெட்டு, ஒரு காங் சத்தம், கொஞ்சம் ஹார்ப், அவ்வளவுதான் என்று முடித்துவிடுவார்கள். இவர் எடுத்தது இலக்கணத்தை. 1920-களில் பியானோவுக்காக ‘எஸ்ஸேஸ் இன் த மோட்ஸ்’ என்று ஒரு தொகுப்பு எழுதினார். ஒரு மேளத்தின் ஏழு ஸ்வரத்தை எடுத்துக்கொண்டு, கடைசி வரை வேற்று ஸ்வரம் ஒன்றுகூடத் தொடாமல் எழுதுவது என்று அவருக்கு அவரே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. கேத்ரின் ஸ்டாட் வாசித்த பதிவு கிடைக்கிறது, தேடிக் கேளுங்க. 1929-இல் எழுதிய பியானோ கான்செர்ட்டோவான ‘டைனமிக் ட்ரிப்டிக்’கின் முதல் பகுதியும் இதே கட்டுப்பாட்டில் ஓடுகிறது. ரெண்டாம் பகுதியில் வயலின் கூட்டம் கால் ஸ்வர இடைவெளியில் சறுக்கும்; முதல்முறை கேட்கும்போது ஏதோ ரெக்கார்டு கெட்டுப்போச்சோன்னு தோணும்.

எல்லாவற்றுக்கும் மேலே ‘த்ரீ மந்த்ராஸ்’. ‘அவதாரா’ என்று ஒரு சமஸ்கிருத ஆபரா எழுதத் தொடங்கி, பல வருஷம் உழைத்து, கடைசியில் கைவிட்டார். அதன் மூன்று அங்கங்களுக்கான முன்னிசைகள் மட்டும் தப்பின. செயல், ஆனந்தம், இச்சை என்று மூன்று மந்திரங்கள். ரெண்டாவதில் சொல்லே இல்லாமல் பெண்கள் கூட்டமாகப் பாடுவார்கள். மூன்றாவது, இச்சையின் மந்திரம், முழுக்க ஒரே ஏழு ஸ்வரத்துக்குள் நிற்கிறது. பித்தளை வாத்தியங்களும் தோல் வாத்தியங்களும் இடிக்கிற இடியில் அது ஒரு கட்டுக்குள் நிற்கிறது என்பதே முதலில் உறைக்காது.

‘சூழலோடு கேட்பது’ என்பதன் அர்த்தம் எனக்குப் பிடிபட்டது இந்த மூன்றாம் மந்திரத்தில்தான். மேற்கத்திய விமர்சகர்கள் இதைப் பெரும்பாலும் காட்டுத்தனமான ஆற்றல் என்ற வகையில் வர்ணிப்பார்கள். மேளகர்த்தா தெரிந்த காது அந்த இடிக்குள் வேலியைக் கேட்கும். இத்தனை பேர் இத்தனை சத்தமாக வாசித்தும் வேலி தாண்டாமல் நிற்பதுதான் அதன் திகில்.

எங்க திருமழிசையில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஹெட்போனைக் கொடுத்து இதைக் கேட்கச் சொன்னேன். முழுசும் கேட்டார். “ஸ்வரம் எங்கயும் தப்பல தம்பி. ஆனா இது மேளம். ராகம் எங்க?” என்றார். வயலினை எடுத்து ஒரே ஒரு காந்தாரத்தை அசைத்துக் காட்டினார். அந்த ஒரு அசைவு முழு மந்திரத்திலும் இல்லை, உண்மைதான். ஏழு ஸ்வரத்தை வரிசையாக வைத்தால் அது சட்டகம். எங்கே நிற்கணும், எதைத் தொட்டு எதற்குப் போகணும், எது நடுங்கணும் என்று வரும்போதுதான் ராகம். ஃபோல்ட்ஸ் எடுத்துக்கொண்டு போனது சட்டகத்தை. இதை ஒரு குறையாகவே நான் நினைக்கிறேன். ஆனால் டீச்சர் அதோடு நிறுத்தவில்லை. “அந்தத் தாளம் பின்னாடி தொரத்துதே, அது ஜோரா இருக்கு. இன்னொரு தடவை போடுங்க” என்றார்.

சரி, இவ்வளவு எழுதியவரை லண்டன் எப்படி மறந்தது?

முதல் உலகப் போர் முடிந்ததும், இறந்தவர்கள் எல்லாருக்காகவும், எந்தத் தேசத்தவரானாலும், ஒரு இரங்கற்பா எழுதணும் என்று ஃபோல்ட்ஸ் முடிவு செய்தார். அதுதான் ‘வேர்ல்ட் ரெக்வியம்’. 1919-க்கும் 1921-க்கும் நடுவே எழுதியது. பைபிள் வசனங்களோடு கபீரின் வரிகளும் அதில் இருக்கு. போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று, 1923-இல், ராயல் ஆல்பர்ட் ஹாலில் சுமார் 1,200 பேர் பாடியும் வாசித்தும் அரங்கேறியது. அந்தப் போரில் செத்த இந்தியச் சிப்பாய்கள் மட்டும் 70,000-க்கும் மேல். அவர்களுடைய நாட்டு நெசவாளி ஒருவரின் சொல், பிரிட்டிஷ் அரசின் நினைவுநாளில் லண்டனின் ஆகப் பெரிய அரங்கில் ஒலித்தது. 1926 வரை நாலு வருஷம் அது நடந்தது. கூட்டம் உருகியது, விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். 1927-இல் அந்த இடத்துக்கு வேறு விழா வந்தது. பத்திரிகை ஒன்று முன்னின்று நடத்திய, போர்க்காலப் பாட்டுகளை எல்லாரும் சேர்ந்து பாடும் விழா. எதிரி நாட்டுப் பிணத்துக்கும் சேர்த்து அழுவதைவிட நம்ம ஆளுங்க பாட்டை நாமே பாடுவது சுலபம்தானே.

அதன்பிறகு சரிவு. பாரிஸ் போனார், மௌனப் படங்களுக்குப் பியானோ வாசித்தார், திரும்பி வந்தார். பிபிசி அவருடைய மெல்லிசையை ஓயாமல் ஒலிபரப்பியது. பெரிய படைப்புகளைத் தொடவில்லை. 1933-இல் இதைப் பற்றி பிபிசியின் ஏட்ரியன் போல்ட்டுக்கு எழுதி மனம் நொந்துகொண்டார். 1934-இல் ‘மியூசிக் டுடே’ என்று ஒரு புத்தகம் எழுதி, மோடுகளைப் பற்றிய தன் கொள்கைகளையெல்லாம் அதில் இறக்கிவைத்தார். 1935-இல் குடும்பத்தோடு கப்பல் ஏறி இந்தியா வந்துவிட்டார்.

இங்கேதான் கதை நம்ம பக்கம் திரும்புகிறது. நமக்கு அவ்வளவு ருசிக்காத ஒரு திருப்பமும் இதில் இருக்கு.

1937-இல் டெல்லி ஆல் இந்தியா ரேடியோவில் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அங்கே ஒரு இந்திய-ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கினார். காதால் மட்டுமே கற்ற இந்திய வாத்தியக்காரர்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொடுத்து, அவரவர் வாத்தியத்திலேயே கூட்டாக வாசிக்க வைத்தார். இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்க. சிதார்காரரோ சாரங்கிக்காரரோ மேடையில் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பவர். அவர் முன்னால் ஒரு காகிதத்தை வைத்து, ‘இந்த நாலாவது மாத்திரையில், இந்த ஸ்வரம், இவ்வளவு சத்தம்’ என்றால் அவர் கற்ற கலையே தலைகீழாகிறது. அதையும் மீறி அது ரேடியோவில் ஒலித்தது. மேற்கத்திய சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவும் இந்திய வாத்தியங்களும் சேர்ந்து வாசிக்க ‘சிம்பனி ஆஃப் ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்’ என்று ஒன்றும் எழுதினார்.

இதே ஆள்தான் 1938-இல் ரேடியோவின் ‘த இண்டியன் லிஸனர்’ இதழில் ஆர்மோனியத்தைப் போட்டுத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே அந்தப் பெட்டியின் பெயரை உடைத்து, எல்லாருக்கும் தீங்கு என்று பொருள் வரும்படி செய்த சிலேடை. ஆர்மோனியத்தில் ஸ்வரங்கள் கட்டையாக நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழைய முடியாது. அதைத் துணைக்கு வைத்துப் பாடுபவரின் சுருதி உணர்வு கெடும் என்பது வாதம். ரேடியோவின் தலைமை அதிகாரி லயனல் ஃபீல்டனும் அதே கட்சி. 1940 மார்ச் 1 முதல் ஆல் இந்தியா ரேடியோவில் ஆர்மோனியத்துக்குத் தடை. தாகூரும் ஆதரித்தார். 1971-இல்தான் அது ஓரளவு தளர்ந்தது.

கமகத்தைப் பற்றி ஃபோல்ட்ஸ் சொன்னது தப்பில்லை. அந்த டீச்சர் காந்தாரத்தை அசைத்துக் காட்டினாரே, அதை ஆர்மோனியத்தில் செய்ய முடியாது. ஆனால் அவருடைய மந்திரத்திலும்தான் அது இல்லை! பெட்டிக்குப் பொருந்தும் குற்றச்சாட்டு அவர் எழுதிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் பொருந்துமே என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவர் அதிகாரி. அடி விழுந்தது பெட்டிக்காரர்கள் மேல். நம்ம ஊரில் நாடகக் கொட்டகையில் விடிய விடிய ஆர்மோனியத்தோடு பின்பாட்டுப் பாடி, பாமர ஜனத்துக்கு ராகத்தை அறிமுகப்படுத்திய ஒரு கூட்டமே இருந்தது. 1938 ஜூன் 16 அன்று சென்னை வானொலி நிலையம் திறந்தது. இவர்களுக்கும் பெரிய மேடையாக ஆகியிருக்க வேண்டிய அந்த வானொலியில், ரெண்டே வருஷத்துக்குள் அவர்களின் பெட்டிக்குக் கதவு அடைபட்டது. மறக்கப்பட்ட ஒருவரைத் தூக்கி நிறுத்தும்போது, அவரால் மறக்கப்பட்டவர்களையும் அதே மேடையில் சொல்லணும் என்று நான் நினைப்பது இதனால்தான். சூழல் என்றால் பூச்சூட்டுவது மட்டும் இல்லையே.

தடை வருவதைப் பார்க்க ஃபோல்ட்ஸ் உயிரோடு இல்லை. 1939-இல் கல்கத்தா நிலையத்துக்கு மாற்றலாகிப் போனார். போன சில நாளில் காலரா. ஏப்ரல் 25 அன்று இறந்தார், வயது 58. கிழக்கு-மேற்கு சிம்பனியின் கைப்பிரதி தொலைந்தது. மாட் மெக்கார்த்தி பின்னாளில் துறவறம் பூண்டு ஓமானந்த புரி என்று பெயர் மாற்றிக்கொண்டு 1967 வரை வாழ்ந்தார்.

மீட்சி எப்படி வந்தது என்பதும் பாடம்தான். முதலில் வந்தவர் ஆர்க்கெஸ்ட்ராக்காரர் இல்லை, எழுதுகிறவர். மால்கம் மெக்டொனால்ட் என்ற இசை ஆய்வாளர், மிச்சமிருந்த கைப்பிரதிகளை அலசி 1975-இல் ஒரு புத்தகம் போட்டார். அதைப் பிடித்துக்கொண்டு லிரிட்டா என்ற சின்ன ரெக்கார்டு கம்பெனி. அங்கே 1980-களில் ‘டைனமிக் ட்ரிப்டிக்’கை ஹாவர்டு ஷெல்லி வாசித்தார், 1993-இல் பாரி வேர்ட்ஸ்வொர்த் நடத்திய ‘த்ரீ மந்த்ராஸ்’ வந்தது. அப்புறம்தான் பெரிய மேடை: 2000-களில் பர்மிங்ஹாம் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர் சாகரி ஓராமோ, ஃபின்லாந்துக்காரர், கையில் எடுத்து ரெண்டு ஆல்பம் போட்டார். 2007-இல் பாட்ஸ்டைன். புத்தகத்திலிருந்து ஆல்பர்ட் ஹாலுக்கு 32 வருஷம்.

காகிதம், எழுத்து, அப்புறம் கச்சேரி. இந்த வரிசை நமக்குப் புதுசு இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் மணலியில் இருந்தார். திருமழிசையிலிருந்து பார்த்தால் நகரத்தின் நேர் எதிர் மூலை. புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பிள்ளைகள் பாடுவது அதுதான். ஏறக்குறைய நாற்பது இருக்கு. தம்பி பாலுசுவாமி வயலினையே கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். நூறு வருஷம் கழித்து ஃபோல்ட்ஸ் செய்ததற்கு நேர் மறுபக்கம் இது: இவர் அவர்கள் மெட்டை எடுத்து நம்ம சொல்லைப் போட்டார், அவர் நம்ம சட்டகத்தை எடுத்து அவர்கள் சத்தத்தைப் போட்டார்.

தீட்சிதர் பிழைத்ததற்கு சீடர் பரம்பரை முதல் காரணம். ரெண்டாவது காரணம் ஒரு கிளார்க் மனசு. ஏ. எம். சின்னசாமி முதலியார், மதராஸ் தலைமைச் செயலகத்தில் உத்தியோகம், மதத்தால் கத்தோலிக்கர். 1890-களில் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிடத் தொடங்கினார். எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதரிடம் இருந்ததையெல்லாம் புத்தகமாக்கச் சொல்லி விடாமல் தூண்டியவரும் அவர்தான். 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வந்தது. தீட்சிதரின் 229 கிருதிகள் அதில் ஸ்வரத்தோடு இருக்கு. அது அச்சேறியபோது சின்னசாமி முதலியார் இல்லை. தீட்சிதருக்கு வருஷா வருஷம் ஜெயந்தி நடக்குது. முதலியார் பேரில் ஒரு மாலைக் கச்சேரி நடந்து நான் பார்த்ததில்லை.

டெல்லியில் ஃபோல்ட்ஸ் போட்ட விதை முழுக்கக் காயவில்லை என்றும் சொல்லணும். 1952-இல் அதே ஆல் இந்தியா ரேடியோ, ‘வாத்ய விருந்தா’ என்று தேசிய ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கியது. நடத்தியவர்கள் ரவிசங்கரும், நம்ம பக்கத்து வயலின்காரர் டி. கே. ஜயராம ஐயரும். பிறகு வீணை ஈமனி சங்கர சாஸ்திரி. எவரெஸ்ட் ஏற்றத்தை வைத்து ‘ஆதர்ச சிகராரோஹணம்’ என்று அவர் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா படைப்பே செய்தார். சிம்பனி என்றதும் 2025 மார்ச் 8 லண்டன் மேடையில் இளையராஜா அரங்கேற்றிய ‘வேலியண்ட்’ நமக்கு நினைவுக்கு வருது. நல்லது. ஆனால் அதற்கு முன்னால் இந்தியாவுக்குள்ளேயே கூட்டாக வாசிக்க எழுதிய இவ்வளவு பேர் நிற்கிறார்கள். மறந்த இசையமைப்பாளர்களைத் தேடும் கச்சேரிக்கு சரக்கு வேணும்னா நியூயார்க் போக வேண்டாம்.

பாட்ஸ்டைன் பாணியில், சென்னையில் ஒரு மாலை இப்படி இருக்கலாம் என்று நான் காகிதத்தில் போட்டு வைத்திருக்கேன். முதலில் மணலி: ரெண்டு மூணு நோட்டுஸ்வரம், சின்னப் பிள்ளைகள் பாட, கூடவே அதே மெட்டுகளின் மூல வடிவத்தை ஒரு சின்ன பேண்டு வாசிக்க. அடுத்து பியானோவில் ‘எஸ்ஸேஸ் இன் த மோட்ஸ்’ ரெண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதே மேளத்தில் ஒரு பாடகர் பத்து நிமிஷம் ஆலாபனை. டீச்சர் கேட்ட கேள்விக்குச் சபையே பதில் கேட்டுக்கொள்ளட்டும். அப்புறம் மேடையில் ஒரு ஆர்மோனியம், ஒரு பழைய நாடகப் பாட்டு, தடையைப் பற்றி ஐந்து நிமிஷப் பேச்சு. இடைவேளை. பிறகு வாத்ய விருந்தா படைப்பு ஒன்று. கடைசியில் இச்சையின் மந்திரம்.

கடைசி உருப்படிதான் சிக்கல். ஃபோல்ட்ஸ் பித்தளையையும் தோலையும் தாராளமாகக் கேட்பவர். முழு சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் அது நடக்காது. 2006-இல் மும்பையில் தொடங்கிய சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவை வரவழைத்தால் ரயில், ஹோட்டல், ஒத்திகை மண்டபம் என்று செலவு கூரையைப் பிச்சுக்கும். சென்னையில் 1893 முதல் மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் பாடகர் குழு இருக்கு. அதனால் ஆனந்தத்தின் மந்திரத்துக்குப் பெண் குரல்களுக்குப் பஞ்சமில்லை, அதையும் சேர்த்துக்கலாம். ஏ. ஆர். ரஹ்மானின் இசைக் கல்லூரியில் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவில் படித்த பிள்ளைகள் வயலின், செல்லோ வரிசையை நிரப்புவார்கள். பித்தளைக்குப் போலீஸ் பேண்டைக் கேட்கலாம் என்று விளையாட்டாக எழுதி வைத்தேன். இப்போது யோசித்தால் அது அவ்வளவு விளையாட்டும் இல்லை. கோட்டை பேண்டிலிருந்துதானே தீட்சிதருக்கே மெட்டு கிடைச்சது.

ஆலாபனை பாட ஒப்புக்கொள்கிறவர் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கணும். பியானோவை அவர் கட்டைக்கு இறக்க முடியாது. அவர்தான் ஃபோல்ட்ஸ் எழுதிய சுருதிக்கு ஏறணும்.